பின்னத்தை அழிக்கச் சொன்னது யார்?

பாளையங்கோட்டையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு படிக்கும் மருமகன் கைப்பேசியில் கணக்குப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தான். கணக்கு இது: ஓர் எண்ணின் பாதியும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் 10. எண்ணை ‘ம’ என்று வைத்தால், ம/2 + ம/3 = 10. ‘இப்போது பின்னங்களை அழிக்கவும்’ என்றது குரல். பிள்ளை ரப்பரை எடுத்துக் கீழே இருந்த 2, 3 இரண்டையும் அழித்துவிட்டான். மிச்சம் ம + ம = 10; விடை 5 என்றான். அவன்மேல் குற்றமில்லை, சொன்னதைத்தான் செய்தான்.

இந்த ‘அழிக்கவும்’ எனக்குப் புதிதல்ல. ‘பின்னங்களைத் தெளிவாக்குக’ என்றும் ஓர் இடத்தில் பார்த்தேன். சமன்பாட்டின் இருபுறத்தையும் ஒரே எண்ணால் பெருக்கிப் பின்னமில்லாமல் ஆக்குவதைத்தான் ஆங்கிலப் பாடம் ‘கிளியர்’ என்கிறது; அந்தச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். கலங்கிய குளமா, தெளிவதற்கு?

பின்னம் வடசொல். உடைந்தது என்று பொருள். சின்னாபின்னத்தில் இருப்பதும் பின்னப்பட்ட சிலை என்பதில் இருப்பதும் இதுவே. அரபியிலும் லத்தீனிலும் பின்னத்துக்கான சொல் உடைத்தலிலிருந்தே வந்தது. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

உடைந்ததை என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. இயற்கணிதத்தின் ஆங்கிலப் பெயர் ‘அல்-ஜப்ர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் உள்ள சொல் அது. சிதைந்ததைச் சீராக்குதல் என்பது பொருள்; முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதையும் அந்தச் சொல் குறிக்கும். முறிந்த கைக்குக் கட்டுப் போடுகிறவரிடம் போய்க் ‘கையை அழியுங்கள்’ என்று யாராவது சொல்வார்களா?

‘அழி’ வேண்டாம், ‘நீக்கு’ இருக்கட்டும் என்பார்கள் சிலர். பாடநூல் வாசனை உள்ள சொல், கொஞ்சம் கண்ணியமாகவும் இருக்கிறது. ஆனால் அது செய்யும் கேடு நுட்பமானது. ‘பின்னத்தை நீக்கு’ என்றதும் பிள்ளையின் கண் பின்னத்தின்மேல் மட்டுமே போகிறது. 2, 3 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 6 என்று சரியாகக் கண்டுபிடித்து, இடப்பக்கத்தை மட்டும் பெருக்கி 3ம + 2ம என்று எழுதுகிறான். வலப்பக்கத்தில் ஒரு பாவமும் அறியாமல் நிற்கும் 10 அப்படியே நின்றுவிடுகிறது. அது பின்னமில்லையே, அதை ஏன் தொட வேண்டும்? 5ம = 10, விடை 2! உண்மையில் அந்த 10-உம் 60 ஆக வேண்டும். 5ம = 60, ம = 12. பன்னிரண்டின் பாதி 6, மூன்றில் ஒன்று 4. சரியாகிவிட்டது.

‘களை’ என்ற சொல்மேல் எனக்கும் ஆசை உண்டு. தாமிரபரணித் தண்ணீரில் கார், பிசானம் என்று இரு போகம் நெல் விளையும் ஊர்க்காரனுக்குக் களையெடுப்பு தெரியாதா? ஆனால் பறித்த களையை வரப்பில் எறிந்துவிடுகிறோம். இங்கே எதையும் எறிவதில்லை. ம/2 காணாமல் போகவில்லை; ஆறு மடங்காகி 3ம என்று நிற்கிறது.

தனித்தமிழ் நண்பர்களுக்குப் பின்னம் என்ற சொல்லே ஆகாது. கீழ்வாய் இலக்கம் என்று எழுதச் சொல்கிறார்கள். பெயரை மாற்றிவிட்டு வினையை ‘அழி’ என்றே விட்டால் என்ன பயன்? பழந்தமிழ்க் கணக்கிலிருந்து எடுக்க வேண்டியது பெயரைவிட வழிமுறைதான். அதில் ஒவ்வொரு பின்னத்துக்கும் ஒரு பெயர் உண்டு. ஒன்றில் 320-இல் ஒரு பங்கு முந்திரி. காணி என்ற பின்னம் 4 முந்திரி, மா 16 முந்திரி, வீசம் 20 முந்திரி. மாவையும் வீசத்தையும் கூட்டினால் 36 முந்திரி. எல்லாவற்றையும் சின்ன அலகால் எண்ணி முழு எண்ணாக்கிக்கொள்வது. நாம் 6-ஆல் பெருக்குவதும் இதே வேலைதான். (மூன்றில் ஒன்று மட்டும் முந்திரிக்கு அடங்காது, 320 மூன்றால் மீதியின்றி வகுபடாது.)

ஆகவே நான் சொல்வது ‘முழுதாக்கு’. 9.7-ஐ 10 என்று கிட்டத்தட்டச் சொல்வதையும் முழுதாக்குதல் என்கிறார்களே என்று தங்கை கணவர் மடக்கினார். நியாயமான கேள்விதான். அதனால் ஒரு சொல் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை, ‘இருபுறமும் பெருக்கி முழுதாக்கு’ என்று எழுதலாம். மருமகன் நோட்டில் அப்படித்தான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.