அப்சார்ப்ஷன் சில்லர்: உறிஞ்சப்படுவது எது?

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் சூட்டை வாங்கி, அதே எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிரவைக்கும் கருவி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு அப்சார்ப்ஷன் சில்லர் என்று பெயர். தமிழில் எழுத உட்கார்ந்தால் 'வெப்ப உறிஞ்சல் குளிர்விப்பான்' என்றுதான் முதலில் தோன்றும். சூட்டை வாங்குகிறது, ஆகவே வெப்ப உறிஞ்சல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. பெயரில் உள்ள அப்சார்ப்ஷனுக்கும் புகைச்சூட்டுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. அங்கே உறிஞ்சப்படுவது நீராவி, உறிஞ்சுவது உப்புக் கரைசல். இந்தியத் தொழிற்சாலைகளில் இதை வேப்பர் அப்சார்ப்ஷன் மெஷின், சுருக்கமாக வி.ஏ.எம். என்பார்கள். எதை உறிஞ்சுகிறது என்பதை அந்தப் பெயராவது சொல்லிவிடுகிறது.

உள்ளே போகும் காற்றை எதற்குக் குளிர்விக்க வேண்டும்? மின்நிலையங்களில் இந்த எஞ்சின் பெரும்பாலும் எரிவாயு டர்பைன். அதில் காற்றை இழுத்து அழுத்தும் பகுதியான கம்ப்ரசர் ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய ஒரே கன அளவு காற்றைத்தான் இழுக்கும். காற்று சூடானால் அதன் அடர்த்தி குறைகிறது. 15 டிகிரியில் இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால் 40 டிகிரிக் காற்றில் அதே கன அளவில் 8 சதவீதம் எடை குறைவு. போதாததற்கு, சூடான காற்றை அழுத்தக் கம்ப்ரசர் கூடுதலாக உழைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து, வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் மின்உற்பத்தி சுமார் 0.5 முதல் 0.9 சதவீதம் வரை இறங்குகிறது. டர்பைனின் திறனைக் குறிக்கும்போது 15 டிகிரி வெப்பநிலை, 60 சதவீத ஈரப்பதம், கடல் மட்ட அழுத்தம் என்ற நிலையை வைத்துத்தான் குறிப்பார்கள். அதன்படி 100 மெகாவாட் என்று எழுதப்பட்ட டர்பைன் 40 டிகிரி அடிக்கும் மே மாத மதியத்தில் 78-க்கும் 87-க்கும் இடையில் எங்காவது நிற்கும். ஊரெல்லாம் ஏ.சி. ஓடும் நேரமும் அதுதான்.

காற்றை ஈரத் திரை வழியாக விட்டுக் குளிர்விப்பது மலிவான வழி. வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் பெரிய பலன் கிடைக்காது. எப்படிப் பார்த்தாலும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் (தண்ணீர் ஆவியாவதால் மட்டும் காற்று இறங்கக்கூடிய கடைசி எல்லை) கீழே அந்த முறையால் போக முடியாது. அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருளைக் காற்றின் வழியில் வைக்க வேண்டும். அந்தக் குளிர்ந்த நீரை மின்சாரம் செலவழித்தும் பெறலாம். டர்பைனிலிருந்து 450 முதல் 600 டிகிரிச் சூட்டில் வெளியேறும் புகையை வைத்தும் பெறலாம்.

சூட்டிலிருந்து குளிர் எப்படி வரும் என்பதுதான் இந்தக் கருவியின் சுவாரசியமே. கலத்துக்குள் அழுத்தத்தைக் காற்று மண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குக்கு இறக்கினால் தண்ணீர் 5 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைப் பக்கத்துக் குழாயில் ஓடும் நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும், அந்த நீர் குளிரும். ஆனால் எழுந்த ஆவியை உடனுக்குடன் அகற்றாவிட்டால் அழுத்தம் ஏறிக் கொதிப்பு நின்றுவிடும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் அந்த வேலையைக் கம்ப்ரசர் செய்கிறது. இங்கே லித்தியம் புரோமைடு என்ற உப்பின் அடர்ந்த கரைசல் செய்கிறது. மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி நசநசத்துப் போகிறதல்லவா, அந்தக் குணம்தான், பல மடங்கு தீவிரமாக. ஆவியைக் குடித்துக் குடித்துக் கரைசல் நீர்த்துப்போகும். அதைப் பம்பு வைத்து இன்னொரு கலத்துக்கு அனுப்பி, புகைச்சூட்டில் காய்ச்சி நீரை வெளியேற்றினால் கரைசல் பழையபடி அடர்ந்துவிடும். வெளியேறிய ஆவி ஒடுக்கியில் தண்ணீராகி மறுபடி கொதிக்கப் போகும். ஆக, புகைச்சூட்டின் வேலை உப்பை உலர்த்துவது மட்டும்தான்.

காய்ச்சும் கலத்துக்கு ஆங்கிலத்தில் ஜெனரேட்டர் என்று பெயர். அவசரத்தில் 'மின்னாக்கி' என்று எழுதிவிடக் கூடாது. அது உண்டாக்குவது ஆவியை. 'ஆவியெழுப்பி' என்று சொல்லலாம்.

இந்த உத்தி எடிசனின் மின்விளக்கைவிடப் பழையது. பிரான்சின் ஃபெர்டினான் காரே அம்மோனியாவையும் தண்ணீரையும் வைத்துச் செய்த பனிக்கட்டி இயந்திரத்துக்கு 1859-ல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலப் பனிக்கட்டி தெற்கே வருவது நின்றபோது, கடல் முற்றுகையைத் தாண்டி இவருடைய இயந்திரங்கள் தெற்கே கொண்டுபோகப்பட்டன. (அதே வட அமெரிக்க ஏரிகளின் பனிக்கட்டி கப்பலேறி மதராஸுக்கும் வந்தது. அதைச் சேமித்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.) 1922-ல் ஸ்டாக்ஹோம் மாணவர்கள் பல்ட்சர் ஃபான் பிளாட்டனும் கார்ல் முன்டர்சும் பம்பே தேவைப்படாத வடிவம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதை எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் வீடுகளுக்குக் கொண்டுபோனது.

இனி சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'சோர்பேரே' என்றால் உறிஞ்சிக் குடிப்பது. சர்பத்துக்கு உறவு போல ஒலித்தாலும் சர்பத் அரபு வேரிலிருந்து வந்தது. 'சோர்பேரே' முன்னால் 'அப்' சேர்ந்து அப்சார்ப்ஷன் பிறந்தது: ஒன்று இன்னொன்றின் உடலுக்குள் போய்க் கலப்பது. வாயு ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொள்வது வேறு நிகழ்வு என்பதால், ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிஷ் கைசர் 1881-ல் அதற்கு 'அட்சார்ப்ஷன்' என்று பெயரிட்டார். ஓரெழுத்து வித்தியாசம், ஆனால் முக்கியமானது. ஏனென்றால் அட்சார்ப்ஷன் சில்லர் என்றும் ஒரு கருவி இருக்கிறது. அதில் நீராவி சிலிக்கா ஜெல் மணிகளின் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டையும் 'உறிஞ்சு குளிர்விப்பான்' என்று எழுதினால் படிப்பவர் எதை என்று எடுத்துக்கொள்வார்?

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இவை உட்கவர்தல், பரப்புக் கவர்தல். இலங்கைப் பாடநூல்களில் அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல். என் ஓட்டு இலங்கைச் சொற்களுக்கே. அகம், புறம் என்ற ஜோடி தமிழருக்குப் புதிதல்ல. 'உறிஞ்சல்' என்ற வேர் இரண்டிலும் பொதுவாக நிற்பதால் உறவும் தெரிகிறது, வேறுபாடும் தெரிகிறது. 'கவர்தல்' என்றதும் காந்தக் கவர்ச்சி நினைவுக்கு வரும் தொல்லையும் இல்லை. எனவே ஆவி அகத்துறிஞ்சல் குளிர்விப்பி. நீளம்தான். முதல் முறை முழுசாக எழுதிவிட்டு, அப்புறம் 'அகத்துறிஞ்சல் குளிர்விப்பி' என்று குறுக்கிக்கொள்ளலாம். 'ஆவி'யை விடலாம், 'அக'த்தை விடக் கூடாது. குளிர்விப்பியா, குளிர்விப்பானா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இன்டேக் ஏர், எக்சாஸ்ட் இரண்டுக்கும் 'உள்ளிழு காற்று', 'வெளியேறு புகை' போதும்.

பெயர் சரியானாலும் கருவிக்கு வரம்புகள் உண்டு. ஓர் அலகு வெப்பம் கொடுத்தால் எளிய வகை சுமார் 0.7 அலகு குளிர்ச்சி தரும், கரைசலை இரண்டு கட்டமாகக் காய்ச்சும் வகை 1.2 வரை தரும். மின்சாரச் சில்லர் ஓர் அலகு மின்சாரத்துக்கு 5 அலகு தருகிறதே என்று கேட்கலாம். வீணாகப் புகைபோக்கியில் போகிற சூட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் அந்தப் புகையில் நீராவி எழுப்பி இன்னொரு டர்பைனைச் சுற்றும் நிலையங்களில் சூடு இனாம் அல்ல, அங்கே கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். காருக்குள் வைக்கலாமா என்றால், எடையும் இடமும் இடிக்கும், சாலைக் குலுக்கலில் கரைசல் அலைபாயும். லித்தியம் புரோமைடு வகையில் குளிரூட்டுவதே தண்ணீர் என்பதால் பூஜ்யத்துக்குக் கீழே போக வழியில்லை. டர்பைனுக்கு அது குறையும் அல்ல. கம்ப்ரசர் வாயில் காற்று வேகமெடுக்கும்போது வெப்பநிலை இன்னும் இறங்கி, ஈரம் பனியாக உறைந்து இறக்கைகளைச் சேதப்படுத்தலாம். அதனால் உள்ளிழு காற்றை 7 முதல் 10 டிகிரியோடு நிறுத்திக்கொள்வதே வழக்கம்.