கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்: கையிலிருந்து போவது எவ்வளவு, உதவிப் பணம் தவறுவது எங்கே

கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருஷப் படிப்புக்கான அரசுக் காலேஜ்) படித்த தெரிந்த பையன் ஒருவன் செமஸ்டரின் ஆறாவது வாரத்தில் எல்லா வகுப்புகளையும் விட்டுவிட்டு வேலைக்குப் போனான். கொஞ்ச நாளில் காலேஜிலிருந்து பில். "கிராண்ட்னா திருப்பிக் கட்ட வேண்டாம்னுதானே அண்ணா சொன்னாங்க?" என்று அவன் அம்மா கேட்டார். சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் செலவு. கலிஃபோர்னியாவாசிக்கு யூனிட்டுக்கு (பாடத்தை அளக்கும் கணக்கு) 46 டாலர், 12 யூனிட் எடுத்தால் செமஸ்டருக்கு 552. காலேஜ் போடுகிற பெரிய தொகையில் வாடகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சேர்ந்திருக்கும், அதைப் பார்த்து மலைக்காதீர்கள். காலேஜ் அனுப்பும் உதவிக் கடிதத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். கிராண்ட், கடன், வேலை செய்து சம்பாதிக்க வேண்டிய வொர்க் ஸ்டடி மூன்றையும் கூட்டி ஒரே தொகையாகக் காட்டுவார்கள். மொத்தச் செலவிலிருந்து கிராண்டை மட்டும் கழியுங்கள். மிச்சம்தான் உங்கள் செலவு.

நம் வீடுகளில் அடிக்கடி கேட்பது, "நாங்க எச்1பி (வேலை விசா), எங்களுக்கு எதுவும் கிடைக்காது" என்பது. பிள்ளை இங்கே பிறந்திருந்தால் பெற்றோரின் விசா ஒரு பொருட்டே இல்லை, பிள்ளை தாராளமாக ஃபாஃப்ஸா (மத்திய அரசின் படிப்பு உதவிக்கான விண்ணப்பம்) போடலாம். கிரீன் கார்டு இருந்தாலும் போடலாம். பெற்றோரின் எச்1பியைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் பெல் கிராண்ட் கிடையாது, அது உண்மை. ஆனால் எச்4 விசாவில் ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே குடியிருந்தால் மாநிலவாசி கட்டணம் கேட்க உரிமை உண்டு. கவுன்ட்டரில் விசாவைப் பார்த்ததுமே வெளிநாட்டு மாணவர் என்று எழுதிப் பல மடங்கு கட்டணம் போட்டுவிடுவார்கள். அங்கேயே சண்டை போடாமல், குடியிருப்பை முடிவு செய்கிறவர் யார் என்று கேட்டு அவரிடம் போங்கள், வாடகை ஒப்பந்தம், டாக்ஸ் பேப்பர் எல்லாம் கையில் இருக்கட்டும்.

ஃபாஃப்ஸாவில் முதல் தடுக்கல் பெயர். சோஷியல் செக்யூரிட்டி கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் கணக்குத் திறக்க வேண்டும். அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கியவர்களும் இனிஷியலை விரித்தவர்களும் மாட்டிக்கொள்வது இங்கேதான். பெற்றோரும் தனியாக ஒரு கணக்குத் திறந்து சம்மதம் தர வேண்டும், தராவிட்டால் பிள்ளைக்கு மத்திய அரசிடமிருந்து ஒரு டாலர்கூட வராது. குடியிருக்கிற வீட்டைச் சொத்தாகக் கேட்க மாட்டார்கள், ஊரில் வாங்கிப் போட்ட மனை கணக்கில் வரும்.

அவர்கள் பார்ப்பது இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருமானத்தை, 2025-26க்கு என்றால் 2023. நடுவில் லே ஆஃப் ஆகியிருந்தால் ஃபார்மில் வருமானத்தை நீங்களாகக் குறைத்து எழுதிவிடாதீர்கள். உதவி அலுவலகத்தில் 'ஸ்பெஷல் சர்கம்ஸ்டன்சஸ் அப்பீல்' என்று அந்தப் பெயரிலேயே கேளுங்கள். வேலை போச்சு, கஷ்டமா இருக்கு என்று பொதுவாகச் சொன்னால் அனுதாபப்பட்டு அனுப்பிவிடுவார்கள், ஃபார்ம் வராது.

சரி, கிராண்ட் கிடைத்தது. 2025-26இல் பெல் உச்சவரம்பு வருஷத்துக்கு 7,395 டாலர். அது 12 யூனிட் எடுப்பவருக்கு, 9 எடுத்தால் முக்கால்தான். இரண்டு காலேஜில் பிரித்துப் படித்தாலும் பெல் ஒரு காலேஜில்தான் வரும். மற்ற காலேஜ் யூனிட்டையும் சேர்க்க இரண்டுக்கும் முன்கூட்டி ஒப்பந்தம் இருக்க வேண்டும், அதை யாரும் தானாகச் சொல்வதில்லை. யூனிட் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் மாநிலத்தின் பிராமிஸ் கிராண்டுக்கு வேறு கத்தி: மதிப்பெண் சராசரி (ஜிபிஏ) 2.0க்குக் கீழே போனாலோ, எடுத்த யூனிட்டில் பாதிக்கு மேல் முடிக்காவிட்டாலோ, அடுத்தடுத்து இரண்டு செமஸ்டர் அப்படி இருந்தால் போய்விடும்.

பையனுக்கு வந்த பில்லுக்குக் காரணம் இதுதான். செமஸ்டரில் 60 சதவீதம் தாண்டும் முன்னால் எல்லா வகுப்பையும் விட்டால், மீதி நாளுக்கான மத்திய அரசுப் பணத்தில் ஒரு பகுதியைக் காலேஜ் திருப்பி அனுப்பிவிட்டு உங்களிடம் வசூலிக்கும். அதைக் கட்டும்வரை அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய விடாத காலேஜ்கள் உண்டு. விடத்தான் வேண்டும் என்றால் போர்ட்டலில் பட்டனை அழுத்துமுன், விட்டால் எவ்வளவு பாக்கி வரும் என்று உதவி அலுவலகத்துக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாயால் சொன்னதை அடுத்த வாரம் வேறொருவர் மாற்றிச் சொல்வார்.

அப்புறம், வருமானத்தைச் சரிபார்க்கப் பேப்பர் கேட்கும் கடிதம் வீட்டுக்கு வராது. பிள்ளை திறந்தே பார்க்காத காலேஜ் மெயிலுக்குத்தான் வரும். பதில் போகாவிட்டால் ஃபைல் அப்படியே தூங்கும், யாரும் போன் செய்ய மாட்டார்கள். ஃபாஃப்ஸா நிரப்பித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள், அந்த ஃபார்முக்குக் கட்டணமும் கிடையாது.