குடியை விட்டாச்சு, சரி, சம்பளம் எங்கே போகிறது?

குடிக்கு சிகிச்சை எடுத்து ஒருவர் நன்றாகத் தேறி, வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விடுகிற சமயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கவலை ஆரம்பிக்கும். வாயில் வாடை இல்லை, தள்ளாட்டம் இல்லை, நேரத்துக்கு வந்துவிடுகிறார். ஆனால் நடுராத்திரியில் செல்போனை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய் ஒரு மணி நேரம் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே அவர் பணம் வைத்துச் சூதாடிக்கொண்டிருக்கலாம்; சூதாட்டத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது.

இது வெறும் கெட்ட சகவாசமும் இல்லை. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, சூதாட்ட நோயை மதுவும் போதைப்பொருளும் இருக்கும் அதே அத்தியாயத்துக்கு மாற்றியது. அதற்கு முன் அடக்க முடியாமல் திருடுவது, தீ வைப்பது போன்றவற்றோடு அதைச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

குடியை விட்டவருக்கு மாலை நேரம் காலியாகிவிடுகிறது, கையில் கொஞ்சம் காசு தங்குகிறது, கூடவே குடித்த காலத்துக் கடன் கழுத்தை நெரிக்கிறது. ஒரே ஆட்டத்தில் அதை அடைத்துவிடலாம் என்ற ஆசைதான் பலரை உள்ளே இழுக்கிறது, ஜாலிக்காக ஆடுபவர்களை விட இவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நூலிழையில் தோற்ற ஆட்டமும் தோல்விதான், ஆனால் மூளை அதை 'ஜெயிக்கப் போகிறோம்' என்றே எடுத்துக்கொள்ளும். அப்புறம் எல்லோரும் சொல்கிற அதே வசனம்: "விட்டதைப் பிடிச்சிட்டு நிறுத்திடறேன்."

நான் முதலில் கேட்பது இரண்டே கேள்விதான். வரவர இன்னும் பெரிய தொகையை வைத்து ஆட வேண்டும் என்று தோன்றியதா? எவ்வளவு ஆடினீர்கள் என்பதை வீட்டில் மறைத்துப் பொய் சொன்னதுண்டா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உட்கார்ந்து விரிவாகப் பேசுவேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் முக்கியம். கை கால் நடுங்கும் பார்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகள் சிலருக்குத் திடீரென்று சூதாட்ட வெறியைக் கிளப்பிவிடுவதுண்டு. அந்த மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டாருக்கு ஒன்று. பாசத்தில் மொத்தக் கடனையும் நீங்களே அடைத்து, இனிமேல் ஆடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விடாதீர்கள், அடுத்த ஆட்டத்துக்குத்தான் அது வழிவிடும். கொஞ்ச நாளைக்குச் சம்பளமும் வங்கிக் கணக்கும் வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும், கடனை ஆடியவரே தவணையில் கட்டட்டும். முக்கியமாக, கடன் விவரமெல்லாம் வெளியே வந்த நாளில் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டுத் தனியாக விடாதீர்கள். திரும்பக் குடிக்கப் போவதும், உயிரை விடலாமா என்ற யோசனை வருவதும் பெரும்பாலும் அந்த ராத்திரியில்தான். அப்படி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.