பாட்டிலுக்கு மேல் குனியாதீர்கள்

நீர் ராக்கெட் செய்யக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி வகுப்பு ஒன்றில் நடந்தது இது. 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், ஒரு சைக்கிள் பம்ப். பாட்டிலைக் கவிழ்த்து வைத்துக் காற்றை அடைத்த பின், அதை விடுவிக்கும் கயிற்றை இழுத்தும் ராக்கெட் கிளம்பவில்லை. ரப்பர் அடைப்பான் ஓரமாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "சார், மாட்டிக்கிச்சு போல" என்றபடியே ஒரு மாணவன் ஓடிப்போய்க் குனிந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். நாலைந்து நொடியில், அவன் முகம் இருந்த இடத்தைத் தாண்டிக்கொண்டு பாட்டில் தானாகவே சீறிப்போனது.

தண்ணீர்தானே, என்ன செய்துவிடும் என்ற நினைப்புதான் அவனை ஓட வைத்தது. பெரியவர்களிடமும் இதைப் பார்க்கிறேன்.

நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். கிளம்புவதற்கு முன் எல்லாம் அசையாமல் இருக்கிறது, மொத்த உந்தம் சுழி. தண்ணீர் கீழ்நோக்கி எவ்வளவு உந்தத்தை எடுத்துப்போகிறதோ, அவ்வளவு உந்தம் மேல்நோக்கிப் பாட்டிலுக்கு வந்தாக வேண்டும். தரையையோ வெளிக்காற்றையோ உதைத்து ராக்கெட் எழும்புவதில்லை. (உதைக்கக் காற்று வேண்டும் என்று நம்பித்தான் 1920-இல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டைக் கேலி செய்தது. 1969-இல் அப்போலோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது அதே பத்திரிகை திருத்தம் வெளியிட்டது.)

சரி, தண்ணீர் எதற்கு? வெறும் காற்றை அடைத்து விட்டுப் பாருங்கள், கொஞ்சம் எழும்பி விழுந்துவிடும். பம்ப்பின் அழுத்த அளவி 3 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) காட்டும்போது 2 லிட்டர் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 10 கிராம்தான். எவ்வளவு வேகமாக வெளியேறினாலும் அது கொண்டுபோகும் உந்தம் குறைவு. 650 கிராம் தண்ணீரோ வினாடிக்கு 20 மீட்டர் அளவு வேகத்தில் பீய்ச்சியடிக்கிறது, அதுவும் வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள். கிளம்பும் கணத்தில் பாட்டிலைத் தள்ளும் விசை ஏறக்குறைய 20 கிலோ எடைக்குச் சமம். அதற்காகப் பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை. அதை வெளியே தள்ள உள்ளே காற்றுக்கு இடம் இருக்காது.

இப்படிக் கிளம்பும் 150 கிராம் ராக்கெட்டுக்கு வினாடிக்கு 25 மீட்டர் வேகம் சுலபமாகக் கிடைக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர். கிரிக்கெட் பந்தும் ஏறத்தாழ 160 கிராம்தான். அந்த வேகத்தில் வரும் பந்துக்கு முகத்தைக் காட்டுவோமா?

கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். கீறலோ மடிப்போ விழுந்த பிளாஸ்டிக் பாட்டிலும் கூடாது. சோடா, குளிர்பானம் வந்த பாட்டில்கள் அழுத்தம் தாங்குவதற்கென்றே செய்தவை, அவற்றை எடுங்கள். முனையில் உலோகம் எதையும் பொருத்தாதீர்கள். வெடிமருந்து, தீக்குச்சி மருந்து பக்கமே போகக்கூடாது.

அப்புறம், ராக்கெட் மாட்டிக்கொண்டால் கிட்டே போகாதீர்கள். பம்ப்பிலிருந்து பாட்டிலுக்கு நீளமான குழாய் போட்டு, பம்ப் பக்கத்து முனையில் ஒரு திறப்பு வால்வு வையுங்கள். நின்ற இடத்திலிருந்தே அழுத்தத்தை இறக்கிவிடலாம். அளவியின் முள் சுழிக்கு வந்த பிறகுதான் பாட்டிலில் கை வைக்க வேண்டும். எங்கள் பம்ப்பில் அந்த வால்வை மறுநாளே பொருத்தினேன். பிடித்துக்கொண்டு நின்றது அந்த மாணவன்தான்.