வகுக்கும்போது இருந்தது, விடையில் எங்கே போயிற்று?

வகையிடல் கணக்குகளை, அதாவது ஓர் அளவு எந்த வீதத்தில் மாறுகிறது என்று காணும் கணக்குகளை, செய்யத் தொடங்கியிருக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: “முதல் வரியில் ஒரு சிறு மாற்றத்தால் வகுக்கிறோம், அது பூஜ்ஜியமாக இருந்தால் வகுக்கவே கூடாது. கடைசி வரியில் அதையே பூஜ்ஜியம் என்று வைத்து விடை எழுதுகிறோம். இது எப்படிச் சரியாகும்?” நியாயமான கேள்விதான். 1734-இல் தத்துவ அறிஞர் ஜார்ஜ் பார்க்லி, நியூட்டனின் முறையைச் சாடி எழுப்பியதும் ஏறத்தாழ இதே ஆட்சேபம். அத்தகைய மாற்றங்களை ‘மறைந்துபோன அளவுகளின் ஆவிகள்’ என்று அவர் கேலி செய்தார்.

ஓர் எண்ணின் வர்க்கம், அந்த எண் 3 ஆக இருக்கும் இடத்தில் என்ன வீதத்தில் வளர்கிறது? சிறு மாற்றத்தை ‘ச’ என்போம். (3 + ச)² − 9 என்பதை விரித்தால் 6ச + ச². அதை ‘ச’-வால் வகுத்தால் 6 + ச. இதுவரை பள்ளி இயற்கணிதம்.

ஆனால் சுருக்குவதற்கு முன்பிருந்த (6ச + ச²)/ச என்ற கோவையும் 6 + ச என்ற கோவையும் ஒன்றல்ல. ச = 0.01 எனில் இரண்டும் 6.01 தரும், −0.01 எனில் இரண்டும் 5.99 தரும். ‘ச’ பூஜ்ஜியமாகும் ஒரே இடத்தில் மட்டும் முதலாவது 0/0 ஆகிப் பொருளிழக்கிறது. இரண்டாவதோ 6 என்கிறது. வரைபடத்தில் முதலாவது, ஒரு புள்ளி மட்டும் பிடுங்கப்பட்ட நேர்க்கோடு. அந்தத் துளைக்குள் என்ன இருக்கிறது என்று ‘எல்லை’ (limit) என்ற கருத்து கேட்பதே இல்லை. இருபுறமிருந்தும் துளையை நெருங்கும்போது மதிப்புகள் எந்த எண்ணை அணுகுகின்றன என்று மட்டுமே கேட்கிறது. மற்றெல்லா இடங்களிலும் இரு கோவைகளும் ஒத்திருப்பதால் இரண்டுக்கும் எல்லை ஒன்றே. இரண்டாவதில் அறுபடல் இல்லாததால் அதன் எல்லையை நேரே பிரதியிட்டுப் பெறலாம். ஆக, நாம் பூஜ்ஜியத்தைப் பிரதியிடுவது வகுத்தலுக்குள் அல்ல, துளையில்லாத அந்த இரண்டாவது கோவையில்.

நெருங்குவது என்றால் எவ்வளவு நெருக்கம்? கணிதவியலாளர்கள் கோஷியும் வையர்ஸ்ட்ராஸும் 19ஆம் நூற்றாண்டில் துலக்கிய விடை, பேரம் போன்றது: பிழை 0.0001-க்குள் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால், ‘ச’-வின் அளவை 0.0001-ஐ விடக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நீங்கள் எவ்வளவு நுண்ணிய பிழையைக் கேட்டாலும் என்னிடம் பதில் உண்டு எனில், 6 என்பதே எல்லை. பார்க்லி கண்ட ஆவிகளுக்கு இங்கே வேலையே இல்லை. இவ்வளவு அழகான பகுதியைத் தாண்டிவிட்டு, சூத்திரத்தை மட்டும் ஒப்பிக்க வைக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல.

எல்லை எப்போதும் கிடைத்துவிடும் என்பதும் இல்லை. மட்டுச் சார்பை (எண்ணின் குறியை நீக்கி அளவை மட்டும் தருவது) பூஜ்ஜியத்தில் வகையிட முயன்றால், விகிதம் வலப்புறம் 1 ஆகவும் இடப்புறம் −1 ஆகவும் நின்றுவிடுகிறது. ‘ச’-வின் சைன் மதிப்பை ‘ச’-வால் வகுக்கும் கணக்கிலோ அடித்துவிடக் காரணியே கிடையாது. ஆயினும் கோணத்தை ரேடியன் என்ற அலகில் அளந்தால் 0.1-க்கு 0.99833, 0.01-க்கு 0.99998 என மதிப்புகள் 1-ஐ நெருங்குகின்றன. இதை நிறுவ, வட்டத்தின் பரப்புகளை ஒப்பிடும் வடிவியல் வேண்டும். கணிப்பானில் சரிபார்க்கும்போது 0.01745 என்று வந்தால், அது பாகையில் இருக்கிறது என்று பொருள். அந்த எண் π/180.