ஸ்கோர் 86 வந்தா அதே ஆளுன்னு யாருங்க சொன்னது?

போன வாரம் ஒரு ஆஸ்பத்திரில மறுபடியும் அதே கேஸ். ரெட்டைப் பிள்ளைங்க, கவிதா, சவிதா. பிறந்த தேதி ஒண்ணு, அப்பா இனிஷியல் ஒண்ணு, அட்ரஸ் ஒண்ணு, வீட்டு போன் நம்பரும் ஒண்ணு. டூப்ளிகேட் ரெக்கார்டை க்ளீன் பண்றேன்னு ஓடின ஸ்கிரிப்ட் ராத்திரியோட ராத்திரியா ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கிடுச்சு, ஒருத்திக்கு இந்த மருந்து ஒத்துக்காதுன்னு போட்டிருந்த குறிப்பு இன்னொருத்தி தலையில போய் உக்காந்துடுச்சு. நர்ஸ் ஒருத்தங்க கண்ணுல பட்டதால தப்பிச்சோம். எந்தெந்த ரெக்கார்ட் ஒரே ஆளோடதுன்னு கண்டுபிடிக்கிற டேட்டா மேட்சிங் வேலையில இருக்கிற எனக்கு இதே தப்பைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு.

கேட்டா "ரெண்டு பேரையும் ஒப்பிட்டதுல ஸ்கோர் 86 வந்துச்சு, 80க்கு மேல போனா மெர்ஜ், அதாவது ஒண்ணா சேத்துடுன்னு வெச்சிருந்தோம்"ங்கிறாங்க. அந்த 86 என்னன்னு தெரியுமா? இங்கிலீஷ்ல கவிதாவுக்கு ஏழு எழுத்து, ஒண்ணு மாறுது, ஆறு மாறல, ஆறை ஏழால வகுத்தா 86 சதவீதம். அவ்வளவுதான் விஷயம். ஒரே ஆளா இருக்க 86 சதவீதம் வாய்ப்புன்னு அதுக்கு அர்த்தமே கிடையாது, கிடையவே கிடையாது. ரவி, ராணி ரெண்டையும் இங்கிலீஷ்ல எழுதுங்க, நாலு எழுத்துல ஒண்ணுதான் மாறும், ஸ்கோர் 75. லட்சுமியை ஒருத்தர் கே-எஸ்-எச் போட்டும் இன்னொருத்தர் எக்ஸ் போட்டும் எழுதினா மூணு திருத்தம், ஸ்கோர் 57. ஒரே பேருக்கு 57, வேற வேற ஆளுக்கு 75! இப்ப இதுக்கு மேலன்னா ஒரே ஆள்ங்கிற கோட்டை எந்த ஸ்கோர்ல போடுவீங்க? 70ல போட்டா ரவியும் ராணியும் ஒண்ணாயிடுவாங்க, லட்சுமி ரெண்டாயிடுவாங்க. இந்த ஸ்கோருக்கு அடிப்படையா சோவியத் கணித அறிஞர் லெவன்ஷ்டைன் 1965ல குடுத்தது ஒரு எழுத்து வரிசையை இன்னொண்ணா மாத்த எத்தனை திருத்தம் வேணும்ங்கிற கணக்கு, எதிர்ல நிக்கிறது யாருங்கிறதை அது சொல்லாது.

சரி, உச்சரிப்பை வெச்சு பேருக்கு ஒரு எழுத்தும் மூணு இலக்கமும் சேந்த கோட் குடுக்கிற சவுண்டெக்ஸ் போடலாமேன்னு அடுத்த கேள்வி வரும். 1918ல பேடன்ட் வாங்கின முறை, இங்கிலீஷ் உச்சரிப்பை மனசுல வெச்சு செஞ்சது. லட்சுமியோட ரெண்டு ஸ்பெல்லிங்கும் எல்-250ன்னு அழகா சேந்துரும், ஒத்துக்கிறேன். ஆனா மணி, மீனா, மோகன் மூணு பேருக்கும் எம்-500. செந்திலை ஒருத்தர் எஸ்லயும் இன்னொருத்தர் சி-எச்லயும் ஆரம்பிச்சா சேரவே சேராது, ஏன்னா முதல் எழுத்தை அது தொடுறதே இல்ல. கயல்விழில ழகரத்துக்கு இசட்-எச் போட்டா கே-412, எல் போட்டா கே-414. ஜாரோ-விங்க்ளர்ங்கிற இன்னொரு எழுத்து ஒப்பீட்டு முறை, பேரோட தொடக்கம் ஒத்துப்போனா போனஸ் குடுக்கும், நம்ம ஆளுங்க இனிஷியலை முன்னாடி எழுதுறதால எஸ் முருகனும் எஸ் முரளியும் முழு போனஸ் வாங்கிட்டுப் போயிடுவாங்க. இனிஷியலைத் தனிக் கட்டத்துல வைங்கன்னு எத்தனை மீட்டிங்ல சொல்லியாச்சு.

தமிழ் எழுத்துலயே டேட்டா இருந்தா பிரச்சனை வேற மாதிரி. 'கொ'ல க-வோட சேர்ற ஒகரக் குறியை ஒரே குறியீடாவும் வெக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாவும் வெக்கலாம், கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு. இப்படிப்பட்ட குறியீடுகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர்ற யூனிகோட் நார்மலைசேஷன் இதைச் சரி பண்ணிடும். ஆனா ஔவையை ஒ, ள ரெண்டையும் சேத்து ஒளவைன்னு அடிச்சிருப்பாங்க பாருங்க, அதைச் சரி பண்ணாது, அதுக்கு நீங்கதான் ரூல் எழுதணும். ஸ்கேன் பண்ணி எடுத்த டேட்டான்னா துணைக்கால் ரகரமா மாறியிருக்கும். ஒரே பேரை ரெண்டு விதமா எழுதுற ராஜன்-இராஜன், ராஜேஷ்-ராசேசு எல்லாம் இன்னொரு கூட்டம். ல ள ழ மூணையும் ஒண்ணாக்கி, ர ற, ந ன ண எல்லாம் சேத்து பேருக்கு ஒரு பொது வடிவம், அதாவது ஒரு சாவி செய்யுறது தேடுறதுக்கு ரொம்ப நல்லது, நானும் செய்யுறேன். அந்தச் சாவியை வெச்சே முடிவும் எடுத்தா வலியும் வழியும் ஒண்ணு, மனமும் மணமும் ஒண்ணு. இன்னொண்ணு, போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ்ல இருக்கிற சவுண்டெக்ஸும், அதே மாதிரி ஒலி முறையான மெட்டாஃபோனும், தமிழ் எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8ல ஒழுங்கா வேலை செய்யாதுன்னு அதோட கையேட்டுலயே எழுதியிருக்கு. படிங்க, ப்ளீஸ்.

ஒலி, எழுத்து ஒப்பீடு எல்லாமே "இவங்களைக் கொஞ்சம் பாருங்க"ன்னு ஜோடியை எடுத்துக் குடுக்கத்தான். முடிவுக்கு பிறந்த தேதி, அடையாள எண், போன்னு வேற விஷயங்க வேணும், அதுலயும் வீட்டுக்கே பொதுவான போனும் அட்ரஸும் ஆளுக்குச் சாட்சி இல்ல, கூடப் பிறந்தவங்க அத்தனை பேருக்கும் அது ஒண்ணாத்தான் இருக்கும். அபூர்வமான பேர் ஒத்துப்போறதும் குமார் ஒத்துப்போறதும் ஒரே எடை இல்ல. கோட்டை எங்கேயோ படிச்ச நம்பரை வெச்சுப் போடாதீங்க, உங்க டேட்டால இருந்தே ஒரே ஆள்னு உறுதியா தெரிஞ்ச ஜோடி, வேற ஆள்னு தெரிஞ்ச ஜோடி ரெண்டையும் எடுத்து ஓட்டிப் பாத்து, வேற ஆளைச் சேத்த தப்பையும் ஒரே ஆளைச் சேக்காம விட்ட தப்பையும் தனித்தனியா எண்ணுங்க. ரெண்டுலயும் உறுதியா சேராம நடுவுல விழுறதை மனுஷங்க பாக்கட்டும், ஆள் இல்லன்னா மெர்ஜ் பண்ணாம விடுங்க.

அப்புறம், பழைய ரெக்கார்டை அழிக்காதீங்கப்பா, கும்பிட்டுக் கேக்கிறேன். ரெண்டையும் அப்படியே வெச்சுட்டு நடுவுல லிங்க் மட்டும் போடுங்க, தப்புன்னா லிங்கை எடுத்தாப் போதும். கவிதா, சவிதா விஷயத்துல மெர்ஜ் ஆனதும் ஒண்ணை டெலீட் பண்ணிட்டாங்க, எந்த ரிப்போர்ட் யாரோடதுன்னு அந்த ரெண்டு பொண்ணுங்களையும் அவங்க அம்மாவையும் உக்கார வெச்சு ஒவ்வொண்ணா கேட்டுத்தான் பிரிச்சோம்.