மசோதா: மை படிந்த காகிதமும் சட்டமுன்வடிவும்

2013 ஆகஸ்ட் மாதத்தின் கடைசி நாள்களில், சேலம் அம்மாப்பேட்டையில் நியாயவிலைக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற நெசவாளர் வீட்டு முதிய அம்மையார் திரும்பி, "மசோதா பாசாயிருச்சாமா கண்ணு, இனி நமக்கு அரிசியக் கொறச்சுப்போடுவாங்களா?" என்று கேட்டார். தேசிய உணவுப் பாதுகாப்பு மசோதா அந்த மாதம் 26ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியிருந்தது. மாநிலங்களவையின் ஒப்புதல் இன்னும் கிடைத்திருக்கவில்லை. "இன்னும் சட்டமாகலீங்கம்மா" என்றேன். "அப்ப மசோதான்னா என்ன கண்ணு?" என்றார். அந்தச் சொல்லை நாள்தோறும் செய்தித்தாளில் படித்துவந்த எனக்கு, அவருக்கு விளங்கும்படி ஒரு தொடரில் விடை சொல்ல இயலவில்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே எழுதுகிறேன்.

மசோதா தமிழ்ச் சொல் அன்று. அதன் பிறப்பிடம் அரபு மொழி. அம்மொழியில் கறுப்பைக் குறிக்கும் 'அஸ்வத்' என்ற சொல்லின் வேரிலிருந்தே 'முசவ்வதா' என்ற சொல்லும் பிறந்தது. 'கறுப்பாக்கப்பட்டது' என்பது அதன் நேர்ப்பொருள். வெள்ளைத் தாளில் மையால் எழுதி, அடித்து, இடைவெளியில் சேர்த்து, ஓரத்தில் குறித்துக் கறுத்துப்போன முதல் படிதான் முசவ்வதா. பிழை நீக்கித் தெளிவாகப் பெயர்த்தெழுதிய படிக்கு, வெண்மையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த 'முபய்யதா' என்பது பெயர். எனவே கறுத்தது வரைவு, வெளுத்தது செம்படி. பிறருடைய கை படுவதற்காகவே வைக்கப்பட்ட தாள் என்பது இச்சொல்லின் கருவிலேயே இருக்கிறது. தமிழுக்கு வந்த பின் நாம் இழந்துவிட்டது இந்தப் பொருளைத்தான்.

அரபியிலிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து உருது வழியாக இந்திய மொழிகளுக்கும் இச்சொல் வந்தது. இந்தியில் 'மசௌதா' இன்றும் வரைவையே குறிக்கிறது. சட்டமன்றத்தில் வைக்கப்படுவதற்கு அவர்கள் 'விதேயக்' என்ற வேறொரு சொல்லை வைத்திருக்கிறார்கள். தெலுங்கில் 'முசாயிதா' என்றால் வரைவு, மன்றத்தில் வைக்கப்படுவது 'பில்லு'. கன்னடமும் தமிழும்தான் வரைவைக் குறித்த சொல்லை அப்படியே மன்றத்துக்குள் கொண்டுபோயின. கன்னடத்தில் அது 'மசூதெ'. சேலம் வட்டாரத்துக்கு இவ்வகைச் சொற்கள் புதியவை அல்ல. ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சிக்கு உட்பட்டிருந்த இப்பகுதி, 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலோடு (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்) சேர்ந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலவரி முறையை வகுத்தபோது, தாலுகா, தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி போன்ற சொற்கள் ஊர்க்கணக்கின் அன்றாட மொழியாக நிலைத்தன. மசோதா இந்த ஊர் வழியாகத்தான் தமிழுக்கு வந்தது என்று நான் சொல்லவில்லை. அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன். 'தாக்கல்', 'அமல்', 'ரத்து' ஆகியவையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே 'மசோதா தாக்கலாகி அமலுக்கு வந்தது' என்று ஒருவர் எழுதினால், அத்தொடரில் 'ஆகி', 'வந்தது' என்ற வினைகளும் வேற்றுமை உருபும் மட்டுமே தமிழ்.

ஆங்கிலச் சொல்லான 'பில்' வேறொரு படிமத்தைத் தாங்கியது. அது இலத்தீன் மொழியின் 'புல்லா', அதாவது ஆவணத்தின் மீது பதிக்கப்பட்ட முத்திரை என்ற சொல்லிலிருந்து வந்தது. முத்திரை முடிவைக் குறிக்கும். மை தொடக்கத்தைக் குறிக்கும். ஒரே பொருளுக்கு இரு மொழிகள் இரு முனைகளிலிருந்து பெயர் வைத்திருக்கின்றன. தமிழில் 'பில்' என்றால் உணவகத்தில் தரும் சீட்டு என்றே பொருள் நிலைத்துவிட்டதால், அச்சொல் மன்றத்துக்குள் நுழைய வாய்ப்பில்லாமல் போயிற்று.

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை இதற்கு ஆளும் சொல் 'சட்டமுன்வடிவு'. சபாநாயகர் பேரவைத் தலைவராகவும், காரியதரிசி செயலாளராகவும் மாறிய அதே போக்கில் வந்தது இது. மூன்று சொற்களால் ஆன தொடர் என்பதால் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். 'சட்டம்' என்பதற்கு நாம் விதி என்ற பொருளையே முதலில் நினைக்கிறோம். ஆனால் கதவுச் சட்டம், படச் சட்டம் என்று மரத்தாலான கட்டுக்கோப்பையும் அதே சொல்லால் குறிக்கிறோம். அம்மாப்பேட்டை நெசவாளருக்குத் தறிச் சட்டம் தெரியும். நான்கு பக்கமும் நேராக நின்று நடுவில் உள்ளதைத் தாங்குவது அது. இவற்றினும் எனக்கு நெருக்கமாகப் படுவது மற்றொரு பழைய பொருள்: எழுதுவதற்காக நறுக்கி ஒழுங்குசெய்த பனையோலையும் சட்டம் எனப்பட்டது, அவ்வாறு ஓலையை ஒழுங்குசெய்வதற்குச் சட்டம் வாருதல் என்று பெயர். ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து, மை தடவிய பிறகுதான் கண்ணுக்குப் புலப்படும். அரபு மொழியினர் கறுத்த தாளை நினைத்த இடத்தில், நம்முடைய சொல் எழுத்தை ஏற்கக் காத்திருக்கும் ஓலையை நினைவூட்டுகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரு சொற்கள் எழுதுகோலின் பக்கத்திலேயே வந்து நிற்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

'முன்வடிவு' என்பதில் காலமும் உருவமும் சேர்ந்திருக்கின்றன. பின்னர் ஒரு வடிவு வரும் என்பதை 'முன்' என்ற சொல்லே அறிவித்துவிடுகிறது. இலங்கைத் தமிழர் 'சட்டமூலம்' என்கின்றனர். அது சுருக்கமானது, அங்கே நன்கு வேரூன்றியது. எனினும் மூலம் என்பது அசலையும் குறிப்பதால், மாற்றத்துக்கு இடம் தருவது என்ற பொருள் அதில் அவ்வளவு தெளிவாக இல்லை. 'சட்ட வரைவு' என்றும் சிலர் எழுதுகின்றனர். அரசு மன்றத்துக்குக் கொண்டுவருமுன் மக்களின் கருத்தைக் கேட்டு வெளியிடுவதை வரைவு என்றும், மன்றத்தில் அறிமுகமானதைச் சட்டமுன்வடிவு என்றும் வேறுபடுத்துவதே நல்லது. இரண்டையும் கலந்தால் விவாதம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது படிப்பவருக்குத் தெரியாமல் போகும்.

அந்தக் கட்டத்தை அறிவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு உணவுப் பாதுகாப்புச் சட்டமுன்வடிவே சான்று. 2011 டிசம்பரில் மக்களவையில் அது அறிமுகமானபோது, பயனாளிகளை இரு வகையாகப் பிரித்திருந்தது: முன்னுரிமைக் குடும்பத்தினருக்கு ஆளுக்கு மாதம் 7 கிலோ தானியம், பொதுப்பிரிவினருக்கு ஆளுக்கு 3 கிலோ. இந்தப் பிரிவினையை எதிர்த்தவர்கள் பலர். எல்லோருக்குமான வழங்கலே வேண்டும் என்று இடதுசாரிக் கட்சிகள் வாதிட்டன. ஆண்டுக்கு ஏறத்தாழ 1.25 லட்சம் கோடி ரூபாய் செலவாகும் என்று கணக்கிடப்பட்ட திட்டத்தை நாட்டின் நிதிநிலை தாங்குமா என்று மற்றொரு தரப்பினர் கேட்டனர். தமிழ்நாட்டின் எதிர்ப்பு இவ்விரண்டிலும் வேறானது. இங்கே வருமானம் பார்த்து விலக்காமல் எல்லாக் குடும்பங்களுக்கும் பொது வழங்கல் இருந்தது. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றியும் வழங்கப்பட்டது. ஊர்ப்புறத்தில் 75 விழுக்காட்டினர், நகர்ப்புறத்தில் 50 விழுக்காட்டினர் என்று வரம்பிட்டு, கிலோ அரிசிக்கு 3 ரூபாய் விலையும் வைக்கும் ஒரு சட்டம், ஏற்கெனவே கூடுதலாகக் கொடுத்துவரும் மாநிலத்தின் கையைக் கட்டிவிடுமே என்பதே அச்சம். அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா, தமிழ்நாட்டுக்கு விலக்கு வேண்டும் என்று பிரதமருக்கு எழுதினார்.

இந்தக் கருத்து வேறுபாட்டின் பயனாக அத்தாள் உண்மையிலேயே கறுத்தது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஜனவரியில் அறிக்கை அளித்தது. இருவகைப் பிரிவு நீங்கி, ஆளுக்கு 5 கிலோ என்ற ஒரே அளவு வந்தது. மிக வறிய குடும்பங்களுக்கான 35 கிலோ தொடர்ந்தது. அதுவரை ஒரு மாநிலம் பெற்றுவந்த தானிய அளவு புதிய கணக்கில் குறையுமானால், முந்தைய மூன்றாண்டுச் சராசரி அளவைப் பாதுகாப்பது என்ற ஏற்பாடும் இடம்பெற்றது. நிறைவேற்றத்தைத் தாமதப்படுத்திய சச்சரவு என்று சிலர் இதைக் குறை சொன்னார்கள். அந்தச் சச்சரவு இல்லாமல் போயிருந்தால், அம்மாப்பேட்டை அம்மையாருக்கு இருந்த அச்சம் எழுத்திலேயே உறுதியாகியிருக்கும் என்பது என் எண்ணம். முன்வடிவு என்ற பெயருக்கு உரிய பணி அதுவேயாகும்.

இங்கே என் விடையில் இருந்த ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். 'இன்னும் சட்டமாகலீங்கம்மா' என்று நான் சொன்னது முழு உண்மையன்று. 2013 ஜூலை 5ஆம் தேதியே குடியரசுத் தலைவர் அதே பொருளில் அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்திருந்தார். மன்றம் கூடாத வேளையில் பிறப்பிக்கப்படும் அவசரச் சட்டம், நாடாளுமன்றச் சட்டத்துக்குரிய ஆற்றல் முழுவதையும் உடையது. மன்றம் மீண்டும் கூடி ஆறு வாரம் கடந்தால் காலாவதியாகும். எனவே அந்த ஆகஸ்ட் மாதத்தில் ஏறத்தாழ ஒரே உள்ளடக்கம் ஒருபுறம் நடைமுறையில் உள்ள சட்டமாகவும், மறுபுறம் விவாதத்தில் உள்ள முன்வடிவாகவும் இருந்தது. 'மசோதா' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சுட்டிய செய்திகள், வரிசையில் நின்றவர்களை ஏன் குழப்பின என்பது இப்போது எனக்குப் புரிகிறது. மாநிலங்களவை செப்டம்பர் 2ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. அதே மாதத்தில் குடியரசுத் தலைவரின் இசைவும் கிடைத்தது.

நலச் செலவு தொடர்பான முன்வடிவுகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு சட்டம் உரிமையைத் தரலாம். அதற்கான பணத்தை மன்றம் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவின் மூலம் தனியே வழங்க வேண்டும். வரி, அரசின் கடன், அரசின் வரவு சேரும் தொகுப்பு நிதியிலிருந்து எடுக்கும் பணம் ஆகியவற்றை மட்டுமே பொருளாகக் கொண்டதைப் பண மசோதா என்கிறோம். அரசமைப்புச் சட்டத்தின் 110ஆம் பிரிவு அதை வரையறுக்கிறது. அதை மாநிலங்களவை தடுக்க முடியாது. 14 நாள்களுக்குள் பரிந்துரையோடு திருப்பி அனுப்ப மட்டுமே முடியும். இதைப் 'பணச் சட்டமுன்வடிவு' என்றும், இவற்றோடு பிற பொருளையும் கொண்டதை 'நிதிச் சட்டமுன்வடிவு' என்றும் பிரித்து எழுதாமல் இரண்டையும் நிதி மசோதா என்று எழுதும்போது, எந்த அவைக்கு எவ்வளவு அதிகாரம் என்பதே மறைந்துவிடுகிறது.

செலவுக்கும் வரவுக்கும் உள்ள இந்தப் பிணைப்பைச் சேலம் முன்பே கண்டிருக்கிறது. இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சருக்கு நிகரான பதவி) இருந்தபோது, மதுவிலக்கு முதன்முதலாக 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. கள், சாராய வருவாயை இழந்த அரசு, அதை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு நலச் சட்டம் இன்னொரு வரிச் சட்டத்தைப் பெற்றெடுத்த கதை அது. அதே இராஜாஜிதான் அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்னதாக, 1916இல், அறிவியலுக்குத் தமிழ்க் கலைச்சொற்கள் ஆக்குவதற்கென இவ்வூரில் சங்கம் கண்டவர். அதன் சொற்களில் வடமொழிச் சாயல் மிகுதி என்பதால் நான் அவற்றில் பலவற்றைப் பயன்படுத்த மாட்டேன். ஆனால் ஒரு பொருளைத் தமிழில் சொல்ல முடியாவிட்டால் அது மக்களிடம் போய்ச் சேராது என்று அவர்கள் கொண்டிருந்த கவலை எனக்கும் உண்டு.

எழுதுவோருக்கு வழக்கில் உதவக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். தாக்கல் செய்தார் என்பதற்கு அறிமுகம் செய்தார் என்றோ முன்வைத்தார் என்றோ எழுதலாம். சட்டமுன்வடிவு நிறைவேறும், நடைமுறைக்கு வருவது சட்டம் மட்டுமே. ஆகவே 'மசோதா அமலுக்கு வந்தது' என்ற தொடர், பிறமொழிச் சொற்கள் என்பதற்காக அன்றி, பொருளே பிழை என்பதற்காகத் திருத்தப்பட வேண்டியது. பேச்சில் மசோதா என்று சொல்பவரைத் திருத்த நான் முனைவதில்லை. அச்சொல் நூற்றாண்டு கடந்து புழங்கிவிட்டது. தலைப்பில் இடம் போதாத செய்தியாளர் 'முன்வடிவு' என்று சுருக்கினாலும் பொருள் கெடாது.

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பர் 1ஆம் தேதிதான் நடைமுறைப்படுத்தியது. எல்லாக் குடும்பங்களுக்கும் அரிசி வழங்கும் முறை அப்போதும் கைவிடப்படவில்லை. அன்றைய வரிசையில் மீண்டும் நின்று அந்த அம்மையார் கேட்டால், "மசோதான்னா இன்னும் அடிச்சுத் திருத்தலாம்னு வெச்சிருக்கிற தாளுங்கம்மா, நம்ம ஆளுங்க திருத்தச் சொல்லிச் சண்டை போட்டுட்டிருக்காங்க" என்று சொல்லுவேன்.